1918 ரூபாயில் சக்கரம் விழுந்தது

ஒருவழியாக ஐந்தாம் ஜார்ஜின் 1918 வெள்ளி ரூபாயில் அந்தச் சக்கரம் (வண்டிச் சக்கர ஆரம்போலக் காசின் மேல் தெரியும் ஒளிப்பட்டை) படத்தில் விழுந்துவிட்டது. கையில் பிடித்துச் சாய்த்தால் ஜம்மென்று சுழலும். கேமராவை நீட்டினால் சாம்பல் பூசிய மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது, அதன் அடையாளமான புள்ளி பின்பக்கம் கீழே தெளிவாக இருக்கிறது. என்னிடம் உள்ள ஜார்ஜ்களில் லஸ்டருக்கு, அதாவது அச்சடித்த மினுக்குக்கு, இதுதான் ராஜா.

கேட்ட எல்லாரும் லென்ஸைச் சுற்றி வளையமாக எரியும் ரிங் லைட் வாங்கச் சொன்னார்கள். என்னைக் கேட்டால் நாணயத்துக்கு அதைவிட மோசமான விளக்கு கிடையாது. காசு அடிக்கும் அச்சின் அடி விழும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழுக்கி ஓடுகிறது. அந்த உரசலில் அச்சின் முகமே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து கோடு விழ, அடுத்தடுத்த காசுகளில் அவை கண்ணுக்குத் தெரியாத வரப்புகளாக ஏறிவிடுகின்றன. ஒரு வரப்பு ஒளியைத் தனக்குக் குறுக்கே மட்டும்தான் சிதறடிக்கும். ஆகவே காசைக் கடிகார முகமாக நினைத்தால், விளக்கு 12 மணித் திசையில் இருந்தால், மின்னுவது 9-ம் 3-ம். எவர்சில்வர் தட்டில் இதற்கு நேர்மாறு: அங்கே கோடுகள் வட்டம் வட்டமாக இருப்பதால் கீற்று விளக்கைப் பார்த்தே நீளும். ரிங் லைட்டில் ஒளி எல்லாப் பக்கமும் வருகிறது, எல்லா வரப்பும் ஒரே அளவுக்கு வெளுக்கிறது. அப்புறம் பட்டை எங்கிருந்து வரும்?

வழக்கமான 10 மணி, 2 மணி விளக்குகளும் இந்தக் காசுக்குச் சரிப்படவில்லை. ஒன்றின் பட்டை 1–7, மற்றதின் பட்டை 11–5. இரண்டும் ராஜாவின் கிரீடத்திலும் தோளிலும் விழுந்து வீணாகின்றன. வெற்றுத் தளம் இருப்பது முகத்துக்கு முன்னாலும் பிடரிக்குப் பின்னாலும், அதாவது 9-லும் 3-லும். ஆக, ஒரே விளக்கு, 12 மணியில். முடிந்தவரை உயரத்தில், லென்ஸை ஒட்டினாற்போல. கொஞ்சம் தாழ்த்தினாலும் லஸ்டர் போய், இருக்கிற கீறலெல்லாம் பல்லைக் காட்டும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் என்றால் காசுக்கும் லென்ஸுக்கும் நடுவே விளக்கை நுழைக்க இடம் கிடைக்கும்; போனில் அந்த இடம் இல்லை. ஒளியை மென்மையாக்க விளக்குக்குப் பட்டர் பேப்பர் கட்டவே கூடாது. தாடிக்கடியில் விழும் நிழலுக்கு 6 மணியில் ஒரு வெள்ளை அட்டை போதும். அந்த ஒளிக்கும் பட்டை 9–3-தான் என்பதால் சக்கரம் கலையாது. இந்த அட்டை யோசனை என் சொந்தச் சரக்கு, பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். 'புத்தம் புதுசு' என்று ஒரு வியாபாரி அனுப்பிய 1919, வெள்ளியின் கறுப்பை நீக்கும் 'டிப்' கரைசலில் முக்கி எடுத்தது. தயோயூரியா கரைசல் கறுப்போடு வெள்ளியின் மேல்தோலையும் சேர்த்துத்தான் கரைக்கும். திரும்பத் திரும்ப முக்கினால் வரப்பு மழுங்கிவிடும். விபூதி போட்டுத் தேய்த்ததென்றால் இன்னும் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்: காசைச் சுழற்றிச் சாய்த்தாலும் பட்டை சுற்றி வராது, மொத்தமாகப் பளிச்சென்று அடித்துவிட்டு அணையும். அவரிடம் இனி மைலார் (காசைக் கெடுக்காத பிளாஸ்டிக்) உறை மட்டும்தான் வாங்குவேன். உறை நன்றாக இருக்கிறது, அதை மறுக்க முடியாது. பிவிசி உறை வைத்திருப்பவர்கள் பச்சை பிடிக்குமுன் மாற்றிவிடுங்கள்.

1918 என்றதும் எனக்கு இன்னொரு கிறுக்கு. அந்த வருடம் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது; அதில் பெரும்பங்கு இந்தியாவின் வெள்ளித் தட்டுப்பாட்டுக்காகத்தான் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. சக்கர மினுக்குக்குப் பேர்போன மோர்கன் என்னும் அந்த வெள்ளி டாலர் ஒன்றிரண்டு இந்த ரூபாய்க்குள் கரைந்து கிடக்கலாம்.

பின்பக்கம் இன்னும் எடுக்கவில்லை. அங்கே ஓரமெல்லாம் பூவும் கொடியும், நடுவில் எழுத்து. 9–3 கணக்கு உதவாது, விளக்கு வேறு எங்காவது போக வேண்டும். ஆனால் அதற்குள் 1947 நிக்கல் ரூபாய், அந்தப் புலி போட்டது, கைக்கு வந்துவிட்டது. வெள்ளியைவிட நிக்கல் கடினம், மினுக்கும் வேறு மாதிரி, குளிர்ச்சியாக இருக்கிறது. முதலில் அதைத்தான் விளக்கடியில் வைக்கப்போகிறேன்.