எதிரே மினி பஸ் வருகிறதா?

சம்பா அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குகளுக்கு நெல் லாரிகளை அனுப்பிவைப்பது என் வேலை. வண்டி புறப்பட்டுவிட்டால் மிச்சமெல்லாம் தொலைபேசியில்தான். சில ஆண்டுகளாக ஒரு புதுவகை அழைப்பு வருகிறது: "மேப்பில் சாலை அடைப்பு என்று காட்டுகிறது சார், போகட்டுமா, திரும்பட்டுமா?"

நன்னிலம் பக்கத்து உள்சாலை ஒன்றில் இது தொடர்ந்து நடந்தது. சாலைக்கு ஒரு குறையும் இல்லை. இராப்பகலாக ஓடும் லாரிகளின் புழுதியும் இரைச்சலும் பொறுக்காமல் ஊர்க்காரர் யாரோ செயலியில் பொய்த்தகவல் ஏற்றியிருக்க வேண்டும் என்பது எங்கள் ஊகம். அவர்கள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. என் வீட்டு வாசலில் அத்தனை வண்டி போனால் நானும் ஏதாவது செய்திருப்பேன்.

நான் கவனித்தது ஓட்டுநர்களை. மன்னார்குடிக்காரர் ஒருவர் அந்த அறிவிப்பைப் பார்த்ததும் வண்டியை டீக்கடை ஓரம் நிறுத்துவார். யாரிடமும் கேட்கமாட்டார். டீ ஆறுவதற்குள் எதிர்த்திசையிலிருந்து மினி பஸ் வந்தால் சாலை திறந்திருக்கிறது என்று பொருள். வராவிட்டால்தான் எனக்கு அழைப்பு. நாமக்கல்லிலிருந்து வந்த வண்டியோ மேப் சொன்னதும் திரும்பிவிட்டது. அந்த ஓட்டுநர் அனுபவத்தில் குறைந்தவர் அல்லர். எந்த ஆறு எங்கே குறுக்கிடும் என்ற கணக்கு மனத்தில் இல்லாதவருக்குத் திரையை விட்டால் வேறு சாட்சி ஏது?

டெல்டாவில் ஆறுகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. வடக்கு தெற்காகப் போகிறவர் பாலம் பாலமாகத் தாண்ட வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் கொஞ்ச தூரத்திலேயே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து. ஒரு பாலத்தை விட்டுவிட்டால் அடுத்த பாலம் வரை கரையோடு போவதைத் தவிர வழியில்லை. நாமக்கல் வண்டி அப்படித்தான் படுகைச் சாலையில் ஏறியது. ஒருபுறம் ஆறு, மறுபுறம் வயல், பாரம் ஏற்றிய லாரி திரும்ப இடமே கிடையாது. கிளீனர் டார்ச் விளக்கோடு பின்னால் நடந்து, பின்கதவைத் தட்டித் தட்டிக் குரல் கொடுக்க, மதகடி வரை பின்னோக்கியே வந்தார்கள்.

2020இல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 கைப்பேசிகளைக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். காலித் தெரு கூகுள் மேப்பில் நெரிசலாகச் சிவந்தது. அது வேடிக்கை. 2018இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்த சோதனைதான் என்னை யோசிக்க வைத்தது. வண்டி ஓட்டப் பழகும் கருவி போன்ற அமைப்பில் 40 பேரை உட்காரவைத்து, போலி ஜிபிஎஸ் தகவல் கொடுத்தார்கள். 38 பேர் தவறான இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். கண்ணெதிரே இருக்கும் வளைவுகளுக்கும் திருப்பங்களுக்கும் பொருந்தும்படி அந்தப் பொய்வழி தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. ஆகாயத்தில் கோட்டை கட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். அறுவடைக் காலத்தில் சாலை அடைப்பு என்றால் நம்பாமல் என்ன செய்வது?

இதைவிடச் சிக்கல் பிறகு வந்தது. பொய் என்று தெரிந்ததும் எல்லோரும் அந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டுப் போகப் பழகிவிட்டார்கள். புலி வருகிறது கதைதான். ஒரு மழை வாரத்தில் அதே தடத்தில் சிறுபாலத்தின் அணைப்புச் சுவர் உண்மையிலேயே சரிந்தது. மேப் சரியாகவே காட்டியது. எங்கள் வண்டிகள் வரிசையாகப் போய் அங்கே நின்றன. மன்னார்குடிக்காரர் மட்டும் டீக்கடையிலேயே இருந்தார். மினி பஸ் வரவில்லை.

மேலிடத்தில் எல்லா வண்டிக்கும் கண்காணிப்புக் கருவி பொருத்தலாம் என்கிறார்கள். வண்டி எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். பாலம் நிற்கிறதா என்று சொல்லாது. வெளியூர் லாரிகளில் உள்ளூர் ஆள் ஒருவரை ஏற்றிவிடலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு பேட்டா யார் கொடுப்பது என்பதில் இழுபறி நடக்கிறது.