எட்டு ஹெக்டேர்: ஏரி அளந்த நாட்குறிப்பு

ஜூன் 4, 2024

மதுராந்தகம் பக்கத்து ஏரி ஒன்றைப் பற்றி நண்பர்கள் குழு எழுதிய வரைவறிக்கை இன்று கைக்கு வந்தது. செயற்கைக்கோள் படத்தின் மேல் ஏரியின் எல்லையைப் பொறுமையாக வரைந்திருக்கிறார்கள். கலங்கலின் வளைவுகூடத் தப்பவில்லை. பரப்பு 160.4 ஹெக்டேர் என்று வந்திருக்கிறது. வருவாய்க் கணக்கில் அந்த ஏரிப் புறம்போக்கு 160 ஹெக்டேர். இரண்டும் ஒத்துப்போவதால் ஆக்கிரமிப்பு இல்லை என்று அறிக்கையை முடித்துவிட்டார்கள்.

அந்த ஏரியின் தெற்கே வீடுகள் வந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். வரைந்த எல்லையும் அந்த வீடுகளை விட்டுவிட்டுத்தான் போகிறது. அப்படியிருக்க, கணக்கு மட்டும் எப்படி நேராகும்? மூலக் கோப்பைக் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 5

கோப்பை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, எல்லை வரைந்த அடுக்கின் ப்ரொஜெக்‌ஷனை முதலில் பார்த்தேன். உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை அது. இந்தக் கோப்பில் இருந்தது ஈபிஎஸ்ஜி 3857 என்ற எண் கொண்டது, அதாவது வெப் மெர்கேட்டர். கூகுள் மேப்ஸ், ஓபன்ஸ்ட்ரீட்மேப் பின்னணிப் படங்கள் வருவது இதில்தான். அதன் மேல் வரைந்ததால் அடுக்கும் அதிலேயே பிறந்திருக்கிறது.

ஃபீல்டு கால்குலேட்டரில் ‘ஏரியா($ஜியோமெட்ரி)’ என்று கொடுத்தால் 160.4. அதே எல்லைக்கு ‘$ஏரியா’ என்று கொடுத்தால் 152.0. முதலாவது, அடுக்கு எந்தத் தளத்தில் இருக்கிறதோ அந்தத் தட்டையான தளத்தில் கணக்குப் போடுகிறது. இரண்டாவது, ப்ராஜெக்ட் அமைப்பில் குறித்திருக்கும் எலிப்சாய்டின் (பூமியின் சற்றே தட்டையான கோள வடிவம்) மேல், பூமியின் வளைவோடு கணக்குப் போடுகிறது. அந்த அமைப்பில் எலிப்சாய்ட் ‘இல்லை’ என்று இருந்தால் ‘$ஏரியா’வும் 160.4 என்றுதான் சொல்லும். ஆகவே சார்பின் பெயரை மட்டும் நம்பிப் பயனில்லை. அமைப்பையும் திறந்து பார்க்க வேண்டும்.

மெர்கேட்டர் உருவத்தைக் காப்பாற்றப் பரப்பை விலையாகக் கொடுக்கிறது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதை அது ஏற்பதில்லை. எல்லாவற்றையும் இணையாக நிறுத்துகிறது. அதனால் கிழக்கு மேற்காக நீளும் அளவுக்கு வடக்கு தெற்காகவும் நீட்டியாக வேண்டும். இரண்டு பக்கமும் நீளும்போது பரப்பு அந்த நீட்சியின் வர்க்கமாகப் பெருகும். கன்னியாகுமரியில் 2.7 சதவீதம் கூடுதல், மதுராந்தகத்தில் 5.6, லடாக்கின் லேயில் 46. ஹெல்சின்கி பக்கம் போனால் உள்ளதைப் போல நான்கு மடங்கு.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 5.6 சதவீதம் என்றால் ஏக்கருக்கு ஐந்தரை சென்டுக்கு மேல். அது முழுசாக ஒரு கிரவுண்டு. ஒவ்வோர் ஏக்கரிலும் ஒரு வீட்டுமனையைக் காற்றில் உண்டாக்கிக் கொடுக்கிறது இந்த ப்ரொஜெக்‌ஷன். இந்த ஏரிக்கு மொத்தம் எட்டு ஹெக்டேருக்கு மேல், இருபது ஏக்கருக்குக் குறையாது. ஒரு கிராமமே குடியேறலாம்.

ஜூன் 7

குழுவில் வரைபட வேலை பார்க்கும் தம்பி கூப்பிட்டான். “அண்ணா, யூடிஎம்முக்கு மாத்திட்டேன். அப்பவும் 160.4தான் காட்டுது. ஏரியையும் படத்துல காணோம்.”

யூடிஎம் என்பது பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் ப்ரொஜெக்‌ஷன். தம்பிக்கு நேர்ந்தது எல்லா இடத்திலும் நடப்பது. சிஆர்எஸ் என்பது எண்கள் எந்த ஆய அமைப்பில் உள்ளன என்ற குறிப்பு. ‘செட் லேயர் சிஆர்எஸ்’ என்பது அடுக்கின் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். உள்ளே இருக்கும் எண்கள் வெப் மெர்கேட்டர் எண்களாகவே கிடக்கும். கிழக்குத் தொலைவு ஏறத்தாழ 89 லட்சம் மீட்டர் என்று இருப்பதை யூடிஎம் என்று நம்பச் சொன்னால், ஏரி எங்கேயோதான் போய் விழும். எண்களையே மாற்ற ‘ரீப்ரொஜெக்ட் லேயர்’ ஓட்ட வேண்டும், அல்லது புதிய சிஆர்எஸ் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். திரையின் கீழ்மூலையில் ப்ராஜெக்டின் சிஆர்எஸ்ஸை மாற்றுவதும் போதாது. அது பார்வைக்கு மட்டும்.

சரியாக மாற்றியதும் 151.9 வந்தது. தம்பியின் குரலில் தெளிவு வந்ததைக் கேட்க மகிழ்ச்சியாக இருந்தது.

ஜூன் 10

குழுவில் இன்னொருவர் கோயம்புத்தூர் வேலைக்கு வைத்திருந்த அமைப்பில் அளந்து, ஏறத்தாழ 153 என்று அனுப்பியிருக்கிறார். அது யூடிஎம் 43ஆம் மண்டலம். மதுராந்தகம் 44இல் இருக்கிறது. 78 பாகைத் தீர்க்கரேகை சேலம், மதுரைக்குச் சற்று மேற்கே ஓடித் தமிழ்நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்துவிடுகிறது. பக்கத்து மண்டலத்தில் அளந்தால் பிழை 0.6 சதவீதம், சிறியதுதான், ஆனால் ஏரிக்கு ஒரு ஹெக்டேர்.

மாநிலம் முழுக்க ஒரே அளவுகோல் வேண்டும் என்பவர்கள் இந்தியாவுக்கான லாம்பர்ட் கூம்பு ப்ரொஜெக்‌ஷனை எடுக்கிறார்கள். அதுவும் உருவம் காப்பதே, பரப்பு காப்பதல்ல. கன்னியாகுமரியில் மூன்றரை சதவீதம் கூட்டும், மத்திய இந்தியாவில் நான்கு சதவீதம் குறைக்கும். பரப்புதான் வேண்டும் என்றால் ஆல்பர்ஸ் போன்ற சமபரப்பு ப்ரொஜெக்‌ஷன், இல்லையேல் எலிப்சாய்டின் மேல் நேரடிக் கணக்கு. போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ‘ஜியாகிரஃபி’ வகைக்கு மாற்றி அளப்பது இதே காரியம்.

ஜூன் 14

அறிக்கையின் நீர்ப்பரவல் பகுதியில் 182 ஹெக்டேர் என்று ஓர் எண். ஏரியை விடத் தண்ணீர் பெரிது!

அது ராஸ்டர் கணக்கு, அதாவது செயற்கைக்கோள் தரவின் பிக்சல்களை எண்ணிப் போட்டது. 30 மீட்டர் தரவு என்று எல்லாரும் சொல்வதால் ஒரு பிக்சலுக்கு 900 சதுர மீட்டர் என்று பெருக்கியிருக்கிறார்கள். தரவு உண்மையில் பாகையில் இருக்கிறது, பிக்சல் 0.00025 பாகை. மதுராந்தகத்தில் அது 27.7க்கு 27.2 மீட்டர், அதாவது சுமார் 752 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு இங்கேயே ஏறிவிட்டது. வெப் மெர்கேட்டரை விட இந்தப் பிழைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எல்லைக்கோட்டை யாராவது திரும்ப அளப்பார்கள். பிக்சலை யாரும் அளப்பதில்லை.

ஜூன் 18

ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரைப் பார்த்தேன். “பழைய டோப்போஷீட் எவரெஸ்ட் எலிப்சாய்டில் போட்டது. அதனாலதான் வித்தியாசமோ?” என்று கேட்டார். அவர் சொன்னது சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலவரைபடத்தை. நியாயமான கேள்வி. ஆங்கிலேய அளவையர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய அளவைப் பணியின் வாரிசு அந்த எலிப்சாய்ட். அதிலிருந்து இன்று ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84க்கு வரும்போது புள்ளிகள் நூறு மீட்டருக்கு மேல் நகரும். ஆனால் ஏரி மொத்தமாக நகர்கிறது, பெருப்பதில்லை. பரப்பில் வித்தியாசம் 0.03 சதவீதம்கூட வராது, பத்து சென்ட்தான். எட்டு ஹெக்டேரை அதன் தலையில் கட்ட முடியாது.

“அப்ப நிலம் போயிருக்கு தம்பி,” என்றார் ஐயா.

ஜூன் 20

அறிக்கையைத் திருத்தியாயிற்று. பரப்பு 152.0 ஹெக்டேர், டபிள்யூஜிஎஸ் 84 எலிப்சாய்டின் மேல் கணக்கிட்டது என்று எண்ணோடு சேர்த்தே எழுதச் சொன்னேன். சோதனை முறையும் இணைத்திருக்கிறோம்: 12க்கும் 13க்கும் இடைப்பட்ட அட்சம், 79க்கும் 80க்கும் இடைப்பட்ட தீர்க்கம், அந்தக் கட்டத்தை வரைந்தால் 12,025 சதுர கிலோமீட்டர் பக்கம் வர வேண்டும். வராவிட்டால் மென்பொருள் அமைப்பு தவறு.

“ஆக்கிரமிப்பு இல்லை” என்ற வரியை எடுத்துவிட்டோம். “ஆக்கிரமிப்பு உண்டு” என்றும் எழுதவில்லை. புறம்போக்கு எல்லை வேறு, நாம் படத்தில் காணும் எல்லை வேறு. எட்டு ஹெக்டேர் எந்தப் புல எண்ணில் குறைகிறது என்று எஃப்எம்பி எனும் புல அளவை வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். தெற்குக் கரையை ஒட்டிய புல எண்களுக்கு இன்று மனு கொடுத்தோம்.