ஷெலேவா: அரமேயத் தேர்வில் நான் கோட்டைவிட்ட ஒரு சொல்

இறையியல் படிப்பில் அரமேயத் தாளுக்கு (வேதாகமத்தின் சில பகுதிகள் எழுதப்பட்ட பழைய மொழி அது) நான் படித்த முறை ரொம்ப எளிது: இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ப் பொருள், மனப்பாடம். தேர்வில் 'ஷெலேவா' வந்தது. ஷீன், லாமெத் என்ற முதல் இரண்டு எழுத்துகளையும் பார்த்ததுமே 'சமாதானம்' என்று எழுதிவிட்டேன். சமாதானத்துக்கான சொல் 'ஷெலாம்'. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார், தானியேல் புத்தகத்தில் வரும் தன் கடிதத்தில் 'உங்களுக்குச் சமாதானம் பெருகக்கடவது' என்கிறானே, அங்கே வருவது. மதிப்பெண் போனது.

அப்புறம்தான் தானியேல் 4-ஆம் அதிகாரத்தை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். வேதாகமத்தின் அரமேயப் பகுதிகளில் ஷெலேவா ஒரே ஒரு முறைதான் வருகிறது, 4:27-இல். நீதி செய்யும், ஏழைகளுக்கு இரங்கும், அப்போது 'உம்முடைய வாழ்வு நீடித்திருக்கலாம்' என்று தானியேல் ராஜாவுக்குச் சொல்லும் இடம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இதற்கு 'வாழ்வு' என்று போட்டவர்களை மெச்சத்தான் வேண்டும். 'வாழ்ந்து கெட்டவர்' என்கிறோமே, அந்த வாழ்வு. வெறும் நிம்மதியில்லை, கை நிறைய இருப்பதால் வரும் நிம்மதி. நேபுகாத்நேச்சாரும் பன்னிரண்டு மாதத்தில் வாழ்ந்து கெட்டவன்தானே.

ஆனால் தமிழை மட்டும் நம்பினால் ஒரு குழி இருக்கிறது. 4:4-இல் ராஜா, வீட்டில் 'சவுக்கியமுள்ளவனாயிருந்து' அரமனையில் 'வாழ்ந்துகொண்டிருந்தேன்' என்கிறான். ஷெலேவாவின் உறவுச்சொல்லான 'ஷெலே' நிற்பது சவுக்கியத்தின் இடத்தில். 'வாழ்ந்து' என்பதற்குப் பின்னால் இருப்பது 'ரஅனன்', பசுமையாய்த் தழைத்த மரத்துக்குச் சொல்வது. அடுத்து அவன் சொல்லும் கனவிலும் ஒரு மரம்தான் வருகிறது.

எபிரேயத்தில் இதன் இணைச்சொல் 'ஷல்வா'. சங்கீதம் 122:7-இல் அது 'சுகம்', நீதிமொழிகள் 17:1-இல் 'அமரிக்கை', அதே புத்தகம் 1:32-இல் மூடரின் 'நிர்விசாரம்'. சுகத்துக்கும் அசட்டைக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம். 'ஷாலூ' என்ற அரமேயச் சொல்லோ நேராகவே தவறு, அசட்டை என்று பொருள்படும். தானியேல் 6:4-இல் எதிரிகள் தானியேலிடம் தேடியும் கிடைக்காத குற்றம் அது. இந்தப் பொருளை ஒட்டி, 1611-இன் ஜேம்ஸ் மன்னர் ஆங்கில மொழிபெயர்ப்பு, 4:27-க்கு ஓரக்குறிப்பில் 'உமது பிழைக்குக் குணமாக்குதல்' என்ற மாற்றுப் பொருளையும் தருகிறது. தேர்வில் இந்தச் சொல்லுக்குக் குறிப்பு எழுதச் சொன்னால் இதைச் சேருங்கள்.

இன்னொன்று, வசன எண். நம் தமிழ் வேதாகமத்தின் 4:27, அரமேய மூலத்தில் 4:24. நம் 4:4 அங்கே 4:1. நம் 4-ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்கள் அங்கே 3-ஆம் அதிகாரத்தின் வால். மறுதேர்வில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போனதால்தான், 4:24 என்று வந்த கேள்வியைப் பார்த்ததும் மரத்தை வெட்டும் பகுதி என்று நினைத்து எழுதாமல் தப்பித்தேன்.