ஸ்கைரிமில் ஒரு தண்ணீர்ப்பந்தல்

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில், கதை தொடங்கும் ஹெல்கென் ஊரிலிருந்து தப்பி வரும் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் முதலில் வந்து சேரும் ஊர் ரிவர்வுட். சித்திரை வெயிலில் எங்கள் தெருமுனையில் வைக்கும் தண்ணீர்ப்பந்தலைப் போல, அந்த ஊரின் வழியோரத்தில் ஒரு பானை வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பானையைத் தொட்டால் ஆடுபவரின் ஸ்டாமினா (ஓடவும் அடிக்கவும் தேவையான தெம்பு) 50 புள்ளிகள் மீள வேண்டும். விளையாட்டின் கணக்கில் நாளொன்றுக்கு ஒருமுறை மட்டுமே அது பலிக்க வேண்டும். இவ்வளவு சிறிய மோடுக்கும் (விளையாட்டில் நாமே சேர்க்கும் மாற்றத்துக்கும்) அதற்கான கிரியேஷன் கிட் மென்பொருளைக் கற்றாக வேண்டும். அது 2012 பிப்ரவரியிலேயே வெளிவந்துவிட்டது என்றாலும், இருமுறை திறந்து பார்த்துவிட்டு அந்தச் சாளரங்களின் கூட்டத்தைக் கண்டு மூடிவிட்டேன். மூன்றாம் முறை ஒரு ஏஐ உதவியாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் நன்றாகவே போனது. நான் தமிழில் கேட்டேன், அது தமிழில் விளக்கியது. பொருள் பட்டியலில் இருக்கும் பானை செங்கல் அச்சைப் போன்றது, உலகில் நாம் கொண்டுபோய் வைக்கும் ஒவ்வொரு பானையும் அந்த அச்சில் அறுத்த ஒரு கல், கிரியேஷன் கிட் அந்தக் கல்லைத்தான் ரெஃபரன்ஸ் என்கிறது என்று அது சொன்னபோது, வழிகாட்டிகளில் பலமுறை படித்தும் பிடிபடாத ஒன்று சட்டென்று புரிந்தது. ஆனால் கலைச்சொற்களையும் அது மொழிபெயர்க்கத் தொடங்கியதும் குழப்பம் வந்தது. நிரலுக்கு வெளியிலிருந்து மதிப்பைத் தரும் பிராப்பர்ட்டி ‘சொத்து’ ஆனது, ரெஃபரன்ஸ் ‘மேற்கோள்’ ஆனது. திரையில் அந்தப் பெயர்களில் எதுவும் இல்லை. மென்பொருளில் உள்ள சொற்களை அப்படியே விட்டுவிட்டு விளக்கத்தை மட்டும் தமிழில் தரும்படி கேட்ட பிறகே பாடம் தெளிவாக நகர்ந்தது.

உண்மையான சோதனை, பானையை இயக்கும் நிரலான ஸ்கிரிப்டை எழுதும்போது வந்தது. ஸ்கைரிமின் ஸ்கிரிப்ட் மொழிக்குப் பெயர் பாப்பிரஸ். 2015இல் வந்த ஃபால்அவுட் 4 விளையாட்டிலும் அதே பெயரில்தான் அந்த மொழி இருக்கிறது. ஆனால் அதற்குள் அது வளர்ந்து மாறிவிட்டது. உதவியாளர் எனக்கு எழுதித் தந்த நிரலில் ரெஸ்டோர்வேல்யூ என்ற ஃபங்ஷன் (மதிப்பை மீட்கும் கட்டளை) இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் நிரலை விளையாட்டுக்கு ஏற்றபடி மாற்றும் கம்பைலர் அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது என்று மறுத்தது. அதைச் சொன்னதும் உதவியாளர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறொரு வடிவம் தந்தது. அதில் பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டும் ஸ்ட்ரக்ட் இருந்தது, அதுவும் ஸ்கைரிமின் பாப்பிரஸில் இல்லாதது. இரண்டு விளையாட்டுகளின் மொழியையும் அது ஒன்றாகக் கலந்துகொண்டிருக்கிறது என்பதை நான் உணர ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று.

கிரியேஷன் கிட்டுடன் வரும் ஸ்கிரிப்ட் மூலக் கோப்புகளை விரித்து, விளையாட்டின் மாந்தர்களுக்கான ஆக்டர் கோப்பைத் திறந்து, அதிலிருந்த ஃபங்ஷன் வரிகளை அப்படியே உதவியாளரிடம் ஒட்டினேன். இவற்றில் உள்ளவற்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னேன். அடுத்த நொடியே ரெஸ்டோர்ஆக்டர்வேல்யூ என்ற சரியான பெயர் வந்தது. (அந்தக் கோப்புகள் இருக்கும் இடத்தைக்கூட அது முதலில் தவறாகவே சொன்னது. 2011 பதிப்பில் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறைக்குள் சோர்ஸ் இருக்கும். 2016இல் வந்த சிறப்புப் பதிப்பில் சோர்ஸ் கோப்புறைக்குள் ஸ்கிரிப்ட்ஸ் இருக்கும்.) நினைவிலிருந்து எழுதச் சொன்னால் அது தடுமாறுகிறது, ஏட்டைக் கையில் கொடுத்தால் நன்றாகப் படிக்கிறது. அன்று முதல் எந்த விளையாட்டு, எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லாமலும், உரிய கோப்பை ஒட்டாமலும் நான் எதையும் கேட்பதில்லை.

கம்பைல் ஆன பிறகும் பானை பேசவில்லை. ஸ்டாமினா மீண்டது, ஆனால் ‘தாகம் தீர்ந்தது’ என்று காட்ட வேண்டிய செய்தி வரவில்லை. விளையாட்டின் அமைப்புகள் உள்ள ஐஎன்ஐ கோப்பில் பாப்பிரஸ் பதிவை இயக்கி, கிடைத்த லாக் கோப்பின் கடைசி இருபது வரிகளை உதவியாளரிடம் தந்தேன். நன் (None, அதாவது வெற்று) ஆப்ஜெக்டின் மீது ஷோ (காட்டு) என்பதை அழைக்க முடியாது என்ற வரியை அது உடனே சுட்டிக்காட்டியது: ஸ்கிரிப்டில் செய்திக்கான பிராப்பர்ட்டியை அறிவித்திருந்தேனே தவிர, கிரியேஷன் கிட்டில் அதற்குரிய மதிப்பை நிரப்பவில்லை. நிரப்பினேன். மீண்டும் அதே பிழை.

இம்முறை விடையைக் கேட்காமல் காரணத்தைக் கேட்டேன். ஏற்கெனவே சேமித்த ஆட்டத்தில் அந்தப் பானையின் பழைய வெற்று மதிப்பு பதிந்துபோயிருக்கும், பிளகினில் (மோடின் கோப்பில்) திருத்தினாலும் அந்தச் சேமிப்பு தன் பழைய மதிப்பையே வைத்துக்கொள்ளும் என்று அது விளக்கியது. முதன்மைத் திரையிலேயே கட்டளைகளைத் தட்டும் கன்சோலைத் திறந்து, சிஓசி ரிவர்வுட் (ரிவர்வுட்டுக்குப் போ) என்று தட்டி, எந்தச் சேமிப்பும் இல்லாமல் ஊருக்குள் இறங்கினேன். பானையைத் தொட்டேன், செய்தி வந்தது. பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்திய விளக்கம் அது. உதவியாளரிடம் எனக்கு உண்மையான நன்றியுணர்வு தோன்றிய தருணமும் அதுதான்.

இப்போது ரிவர்வுட் பாலத்தருகே பானை நிற்கிறது. காவலர்கள் அதைக் கடந்து போகிறார்களே தவிர ஒருவரும் குடிப்பதில்லை. அதற்கு அவர்களுடைய பேக்கேஜ்களை (எப்போது என்ன செய்ய வேண்டும் என்ற விதிகளை) தொட வேண்டும். உதவியாளரிடம் கேட்பதற்கு முன் அந்தக் காவலரின் பதிவை, மோடு கோப்புகளைப் பார்க்க உதவும் எக்ஸ்எடிட்டில் திறந்து, ஒட்ட வேண்டிய வரிகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.