எந்த வருஷத்துக் கப்பல்?

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கம்மவான்பேட்டையைக் கேட்டாலே போதும். எனக்குத் தெரிந்தவரை நேவியில் இருந்தவர்கள்தான் குறைவு. அப்படி ஒருவர், காட்பாடியில் குடியிருந்த பெரியவர், வாழ்நாளெல்லாம் சேர்த்த கப்பல் படங்களை மூன்று டிரங்குப் பெட்டிகளில் போட்டு நான் வேலை பார்த்த நூலகத்துக்குக் கொடுத்தார். பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது. கப்பல் பெயர், நாடு, வகை என்று அட்டையில் மூன்றே கட்டங்கள். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஏழு மாதம் ஆனது.

முதல் சிக்கல் லாங்லி. 'ஜூப்பிடர், அமெரிக்கா, நிலக்கரிக் கப்பல்' என்று ஓர் அட்டை எழுதினேன். 'லாங்லி, அமெரிக்கா, விமானந்தாங்கிக் கப்பல்' என்று இன்னொன்று. சனிக்கிழமை வந்த பெரியவர் இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கப்பல் தம்பி."

1913இல் கடற்படைக்கு நிலக்கரி சுமக்க வந்த ஜூப்பிடரின் மேல் தட்டையாக ஒரு தளம் போட்டு, 1922இல் லாங்லி ஆக்கினார்கள். அமெரிக்காவின் முதல் விமானந்தாங்கி அதுதான், எண் சிவி-1. அதோடு நிற்கவில்லை. 1937 வாக்கில் அந்தத் தளத்தின் முன்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கடல் விமானங்களுக்கு உதவும் கப்பலாக மாற்றினார்கள். எண்ணும் ஏவி-3 ஆனது. முதலில் வரும் 'ஏ' துணைக் கப்பல், அதாவது போர்க்கப்பல்களுக்கு உதவும் கப்பல், என்பதைக் குறிக்கும், அடுத்த எழுத்து அதன் வேலையை. 1942 பிப்ரவரியில் ஜாவாவுக்குத் தெற்கே ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது அதன் மேல் 32 போர் விமானங்கள் இருந்தன. துணைக் கப்பல் என்ற பெயரில், மறுபடி விமானம் சுமந்துகொண்டுதான் அது அழிந்தது.

நம் கடற்படையில் பிரிட்டிஷ் வழக்கம், துணைக் கப்பலுக்கு 'ஏ' என்ற ஓர் எழுத்தும் எண்ணும். ஐஎன்எஸ் தீபக்கின் பக்கவாட்டில் ஏ50 என்று இருக்கும். நடுக்கடலில் மற்ற கப்பல்களுக்கு எண்ணெய் கொடுக்கிற டேங்கர் அது. 'துணை' என்ற சொல்லைப் பார்த்து நான் அதைச் சின்னக் கப்பல் என்று நினைத்திருந்தேன். அது தள்ளும் நீரின் எடை, அதாவது இடப்பெயர்ச்சி, 27,000 டன்னுக்கு மேல்.

பெரியவர் உண்மையாகவே கோபப்பட்டது ஒரே ஒரு நாள்தான். ஹோகோக்கு மாரு என்ற ஜப்பானியக் கப்பல். 'மாரு' என்றால் வணிகக் கப்பல் என்று படித்திருந்ததால் 'சரக்கு, பயணிகள் கப்பல்' என்று எழுதிவிட்டேன்.

"இப்படி எழுதினா பெங்கால் என்ன செஞ்சதுன்னு யாருக்குப் புரியும்?" என்றார்.

1942 நவம்பர் 11. இந்தியப் பெருங்கடலில் ஒண்டினா என்ற டச்சு டேங்கருக்குக் காவலாக, அன்றைய இந்தியக் கடற்படையின் பெங்கால் என்ற கப்பல் போய்க்கொண்டிருந்தது. கண்ணிவெடி அகற்றும் சின்னக் கப்பல், பெரிய பீரங்கி என்று ஒன்றே ஒன்று. எதிரே வந்தவை ஹோகோக்கு மாருவும் ஐகோக்கு மாருவும். பிறப்பில் பயணிகள் கப்பல்கள்தான், ஆனால் அன்றைக்கு 14 சென்டிமீட்டர் பீரங்கிகளோடு வேட்டைக்குக் கிளம்பிய துணைப் போர்க்கப்பல்கள். பெங்கால் ஓடவில்லை, நேராக எதிரியை நோக்கித் திரும்பியது. ஹோகோக்கு மாரு வெடித்து மூழ்கியது. பெங்காலும் ஒண்டினாவும் தப்பின. என் அட்டையை நம்பினால், பீரங்கி வைத்த நம் கப்பல் ஒரு சரக்குக் கப்பலை அடித்ததாகத்தான் ஆகும். அந்தத் தவறு இன்றும் என்னை உறுத்துகிறது.

அப்புறம்தான் 1907 ஹேக் உடன்படிக்கையைத் தேடிப் படித்தேன். வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக்கினால் அரசின் நேரடிக் கட்டுப்பாடு வேண்டும், வெளியில் தெரியும் அடையாளம் வேண்டும், அதிகாரம் பெற்ற தளபதி வேண்டும், படை ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட மாலுமிகள் வேண்டும். மாற்றியதைப் போர்க்கப்பல் பட்டியலில் சீக்கிரமாக அறிவிக்கவும் வேண்டும். ஒரு கப்பல் போர்க்கப்பலா வணிகக் கப்பலா என்பதை வைத்துத்தான் அதைச் சுடலாமா என்ற கேள்வியும் வரும். நான் அட்டையில் ஒரு கட்டமாக நினைத்ததற்குக் கடலில் உயிர்க்கணக்கு இருந்திருக்கிறது.

நான்காவதாக 'காலம்' என்று ஒரு கட்டம் வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். அச்சடித்த அட்டைகள் வீணாகும் என்றார். சரி என்று ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் கையாலேயே கோடு போட்டேன். லாங்லிக்கு ஒரே அட்டை, மூன்று வரி.

பெரியவர் இப்போது இல்லை. பதினொரு படங்களின் பின்பக்கத்தில் மட்டும் வருஷம் இல்லை. பெயரையும் நாட்டையும் எழுதி வைத்திருக்கிறேன். வகைக்கான இடம் காலியாகவே இருக்கிறது.