புள்ளி காணாமல் போன மெயில்

இரண்டு நாள் வேலை என்றுதான் ஒத்துக்கொண்டேன். ஒரு அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு மாதாமாதம் தமிழில் செய்திமடல் அனுப்ப வேண்டும். மேலே ஒரு பேனர், நடுவில் நான்கைந்து செய்திகள், கீழே ஒரு பட்டன். வெப்சைட் செய்து பிழைப்பவனுக்கு இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது? ஃப்ளெக்ஸ்பாக்ஸில் (வெப்சைட்டில் பகுதிகளை அடுக்கும் வழி) அடுக்கி, இணையத்திலிருந்து இறங்கும் அழகான எழுத்துரு, அதாவது வெப் ஃபான்ட் ஒன்றைச் சேர்த்து, மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். குரோமில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் சோதனை மெயில் அமைப்பின் செயலாளருக்குப் போனது. அவர் பார்ப்பது விண்டோஸ் அவுட்லுக்கில். பத்து நிமிடத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது, கூடவே ஒரே ஒரு வரி: “தம்பி, இது இப்படித்தான் இருக்குமா?”

பேனர் திரையைத் தாண்டி வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டிய செய்திகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கிடந்தன. பட்டன் பட்டனாகவே இல்லை, அடிக்கோடு போட்ட நீல எழுத்துதான் மிச்சம்.

அன்று இரவுதான் கதை தெரிந்தது. 2007 பதிப்பிலிருந்து விண்டோஸ் அவுட்லுக்கில் மெயிலை வரைந்து காட்டுவது பிரவுசர் எஞ்சின் அல்ல, வேர்டு. ஆமாம், கடிதம் தட்டச்சு செய்கிற அதே வேர்டு. அதற்கு முந்தைய பதிப்புகளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அந்த வேலையைச் செய்தது. மேக்கில் இருக்கும் அவுட்லுக் வேறு ஜாதி, அதில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் கிடையாது. விண்டோஸுக்குப் புதிதாக வந்திருக்கும் அவுட்லுக்கும் பிரவுசர் வழியில்தான் போகிறது. ஆனால் பழையதை வைத்திருப்பவர்கள் இன்னும் ஏராளம், அதில் ஒருவர் எனக்கு வேலை கொடுத்தவர்.

வேர்டுக்குப் புரிவது டேபிள், அதாவது அட்டவணை. ஆகவே எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள் என்று ஆரம்பித்தேன். அகலம் 600 பிக்சல். டிவ் என்ற பெட்டிக்குப் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் வேர்டு கண்டுகொள்ளாது, டேபிள் செல்லுக்குக் கொடுத்தால் மதிக்கும். இடைவெளி எல்லாம் செல்லிலேயே வைத்துக்கொண்டேன். படத்தின் அகலத்தை சிஎஸ்எஸ் என்ற தோற்ற விதிகளில் சொன்னால் போதாது, படத்தைச் செருகும் குறியான இமேஜ் டேகிலேயே எண்ணாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் படம் தன் உண்மையான அளவுக்கே வந்து நிற்கும். போன் திரைகளில் துல்லியமாகத் தெரியட்டும் என்று நான் பேனரை 1200 பிக்சலில் செய்திருந்தேன், அதனால்தான் அந்த ஓட்டம்.

ஸ்டைல்களை (அந்தத் தோற்ற விதிகளை) ஒவ்வொரு டேகுக்குள்ளேயும் இன்லைனாக எழுத வேண்டும் என்பது அடுத்த பாடம். ஜிமெயில் 2016-லிருந்து மேலே இருக்கும் ஸ்டைல் பகுதியையும், திரையின் அளவுக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் மீடியா குவெரியையும் படிக்கிறதே என்று முதலில் சும்மா இருந்தேன். ஆனால் ஜிமெயில் ஆப்பில் வேறு நிறுவன மெயில் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பகுதி போய்ச் சேர்வதில்லை. அது மட்டுமல்ல, தனக்கு ஒத்துவராத ஏதாவது அதில் இருந்தால் ஜிமெயில் அந்தப் பகுதியையே தூக்கிப் போட்டுவிடும். ஆகவே மீடியா குவெரி இல்லாமலே பிழைக்கிற மாதிரி கட்டினேன். பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு செய்திப் பத்திகளையும் இன்லைன்-பிளாக்காக (வரியில் எழுத்துகள் போல அடுத்தடுத்து நிற்கும் பெட்டிகளாக) வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்ச அகலம் 300 கொடுத்தால், திரை பெரிதாக இருக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், போனில் தானாகக் கீழே இறங்கும். அதிகபட்ச அகலம் என்றால் வேர்டுக்குத் தெரியாது என்பதால், அதற்கு மட்டும் ‘இஃப் எம்எஸ்ஓ’ (மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் என்றால்) என்ற கண்டிஷனல் கமென்ட்டுக்குள் தனியாக ஒரு டேபிள். மற்ற ஆப்களுக்கு அது வெறும் கமென்ட், படிக்காமல் தாண்டிவிடும். வகுப்பில் ஒருவனுக்கு மட்டும் சீட்டு எழுதி அனுப்புகிற மாதிரி.

இதெல்லாம் ஆங்கில மெயிலுக்கும் உள்ள கஷ்டம்தான், தேடினால் விடை கிடைத்துவிடும். தமிழ் தந்த கஷ்டம் வேறு.

இரண்டாவது சோதனையில் கட்டமைப்பு எல்லாம் சரியாக வந்தது. செயலாளர் இந்த முறை போனிலேயே கூப்பிட்டார். “தம்பி, டிசைன் நல்லா இருக்கு. ஆனால் இவ்வளவு எழுத்துப்பிழையா? யார் தட்டச்சு செய்தது?”

தட்டச்சு செய்தது நான்தான். கொஞ்சம் கோபமாகவே திறந்து பார்த்தேன். என் திரையில் ‘பயிற்சி வகுப்புகள் தொடக்கம்’ என்று தெளிவாக இருந்தது. ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்கினேன். அதில் ‘பயிறசி வகுபபுகள தொடககம’ என்று இருந்தது. ஒரு புள்ளி கூட இல்லை. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, புள்ளி மட்டும் போகவில்லை, ‘யி’யின் கொக்கியும் தலை சீவினது போல மேலே தட்டையாக இருந்தது. ஓலைச்சுவடிக் காலத்தில் ஓலை கிழிந்துவிடும் என்று புள்ளி வைக்காமல் எழுதுவார்கள் என்பார்கள், இங்கே ஓலையே இல்லை.

காரணம் நான் ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து யோசிக்காமல் எடுத்துப்போட்ட ஒரு வரி. அவுட்லுக்கில் வரி உயரம் ஏறி இறங்காமல் இருக்க, எம்எஸ்ஓ லைன்-ஹைட்-ரூல் என்ற ஒன்றை ‘எக்ஸாக்ட்லி’ என்று வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் வேர்டு சொன்ன உயரத்துக்கு மேல் ஒரு பிக்சல் கூட இடம் தராது, மீறுகிற எழுத்தின் தலையை வெட்டிவிடும். தலைப்பு எழுத்து 24 பிக்சல், வரி உயரம் 26. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும் வெட்டு விழுகிற அந்த உச்சியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வரி உயரத்தை 38 ஆக்கி, விதியை ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றினேன். புள்ளிகள் திரும்பி வந்தன. அன்றிலிருந்து தமிழுக்கு எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வரி உயரம் வைக்கிறேன், எந்த டிசைனர் நெருக்கமாக இருந்தால் அழகு என்று சொன்னாலும்.

கூடவே வெப் ஃபான்ட் ஆசையையும் விட்டேன். அவுட்லுக் அதை எடுக்காததோடு, பட்டியலில் அது முதலில் நின்றால் பின்னால் உள்ளவற்றையும் பார்க்காமல் டைம்ஸ் நியூ ரோமனுக்குத் தாவிவிடுகிறது. ஒவ்வொரு கருவியிலும் ஏற்கெனவே இருக்கும் தமிழ் எழுத்துருக்களின் பெயரை வரிசையாகக் கொடுத்தேன்: விண்டோஸுக்கு நிர்மலா யுஐ, அதற்குப் பின் பழைய லதா, ஆப்பிளுக்குத் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். ஒன்றுக்கொன்று அகலம் வேறுபடும். ஒரு இடத்தில் இரண்டு வரியாக இருப்பது இன்னொரு இடத்தில் மூன்று வரியாகும். ஆகட்டும்.

பட்டன் கதையும் இதோடு சேர்ந்ததுதான். அவுட்லுக்கில் வளைந்த மூலை வேண்டுமானால் விஎம்எல் என்ற பழைய வரைகலை மொழியில் பட்டனை வரைய வேண்டும், அதற்கு அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 200 பிக்சல் கொடுத்தேன். ‘பதிவு செய்துகொள்ளுங்கள்’ அதற்குள் அடங்கவில்லை. ‘பதிவு’ மேல் வரியில் நின்றது, மீதி பட்டனுக்குக் கீழே மறைந்துபோனது. வெறுத்துப்போய் அதைத் தூக்கிவிட்டு, வண்ணம் பூசிய ஒரு டேபிள் செல், அதற்குள் லிங்க் என்று முடித்தேன். அவுட்லுக்கில் மூலை சதுரமாகத்தான் வரும், எழுத்தின் மேல் அழுத்தினால்தான் திறக்கும். மற்ற இடங்களில் வளைவு உண்டு.

எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது ஜிமெயில் பார்ப்பவர்களிடமிருந்து ஒரு புகார்: மெயில் பாதியில் வெட்டுப்பட்டு, முழுவதையும் பார்க்க ஒரு லிங்க் மட்டும் நிற்கிறது. பதிவு பட்டனும், சந்தாவிலிருந்து விலகும் லிங்க்கும் வெட்டுக்குக் கீழே. மெயிலின் ஹெச்டிஎம்எல் (அதைக் கட்டும் குறிமொழி) 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் இப்படி வெட்டும் என்று தெரியும். ஆனால் நான்கைந்து செய்திக்கு அவ்வளவு எடை எப்படி வந்தது? மூலத்தைத் திறந்து பார்த்தால், நாங்கள் பயன்படுத்திய அனுப்பும் சேவையின் எடிட்டர் என் தமிழ் முழுவதையும் எண்ணாக மாற்றி வைத்திருந்தது. ‘த’ என்று நான் எழுதிய இடத்தில் த என்று இருந்தது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். எண்ணாக எழுதினால் ஏழு. ‘தமிழ்’ என்ற சொல்லில் கணினிக்கு ஐந்து குறியீடுகள் (த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி). 15 பைட்டில் முடிய வேண்டியது 35 ஆகிவிட்டது. எடிட்டரைத் தொடாமல், நானே தயாரித்த ஃபைலை நேரடியாக ஏற்றினேன். தேவையில்லாத இடைவெளிகளையும் நீக்கியதும் 102-க்கு வெகு கீழே இறங்கியது.

டார்க் மோடில் அமைப்பின் சின்னம் காணாமல் போனது. பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தில் கறுப்புச் சின்னம், கறுப்புத் திரையில் என்ன தெரியும்? ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு சுற்றியதும் சரியானது. வண்ணங்களைக் காப்பாற்ற முயன்று தோற்றேன். ஆப்பிள் மெயில் நாம் கொடுக்கும் டார்க் மோட் ஸ்டைலை மதிக்கிறது, வேறு சில ஆப்கள் கேட்காமலே நிறத்தைத் திருப்பிப் போடுகின்றன. இரண்டு நிலையிலும் படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

இடையில் ஒரு டிசைனர் நண்பர், “எதுக்கு இவ்வளவு பாடு, மொத்தத்தையும் ஒரே படமாக்கி அனுப்பிடு” என்றார். நியாயமான சபலம்தான். ஆனால் படங்கள் தானாகத் திறக்காத இன்பாக்ஸில் அந்த மெயில் ஒரு வெள்ளைத்தாள். திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள் வைத்திருப்பவருக்கும் அதில் ஒன்றுமில்லை. பேனரில் இருந்த தலைப்பைக்கூட வெளியே எடுத்து எழுத்தாக வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து முதல் இதழ் போனது. செயலாளர் பார்த்துவிட்டு, போனில் வளைந்திருக்கும் பட்டன் இங்கே மட்டும் ஏன் சதுரமாக இருக்கிறது என்று கேட்டார். “அது அப்படித்தான் சார்” என்றேன். விட்டுவிட்டார்.

அடுத்த மாதச் செய்திகளை அவரே டெம்ப்ளேட்டில் போட்டு அனுப்புவதாகச் சொன்னார். சோதனை மெயில் வந்தது. மூன்று பத்தி மூன்று அளவில், ஒரு பத்தி மட்டும் சாம்பல் நிறப் பின்னணியில். எல்லாவற்றையும் வேர்டில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டியிருந்தார், அதன் ஸ்டைல்களும் கூடவே வந்து ஏறிவிட்டன. இப்போது முதலில் நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்துப் போடுகிறார். அதற்குப் பிறகு இரண்டு இதழ்கள் போய்விட்டன, போன் வரவில்லை.