பனி உருகும் வாரத்து வேலை

கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்களுக்குப் பனி கொட்டும் நாள் பெரிய கவலை இல்லை. தள்ளுவதும் உப்புப் போடுவதும் பழகிய வேலை. குளிர்காலக் கடைசியில், பல வாரப் பனி தரையில் கிடக்கும்போது மழையும் வெப்பக் காற்றும் சேர்ந்து வரும் வாரம்தான் ஆட்டம் காட்டும்.

அப்போது பனியின் உயரத்தைப் பார்த்துப் பயனில்லை, அதற்குள் இருக்கும் தண்ணீர்தான் கணக்கு. புதுப் பனி பெரும்பாலும் கன மீட்டருக்கு 100 கிலோகூடத் தேறாது. அமுங்கிக் கிடந்த பழைய பனி 300, 400 கிலோ வரும். ஒரு குழாயைத் தரைவரை நேராக இறக்கி, உள்ளே சிக்கிய பனியை எடை போடுங்கள். குழாய் வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், 1 கிலோ பனி 100 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். 100 சதுர மீட்டர் தட்டைக் கூரையில் அது 10 டன்.

மழைதான் பனியைக் கரைக்கிறது என்பது பலரின் நினைப்பு. 5 டிகிரியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலும், அதன் சூட்டில் உருகும் பனி ஒரு மில்லிமீட்டர் தண்ணீருக்குக்கூடக் காணாது. உண்மையில் உருக்குவது ஈரக் காற்று. அதிலுள்ள ஒரு கிராம் நீராவி பனிமேல் படிந்து தண்ணீரானால், ஏழு கிராம் பனியை உருக்கிவிடும். இரவிலும் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகாமல், பனிப்புள்ளியும் (காற்றிலுள்ள நீராவி தண்ணீராகத் தொடங்கும் வெப்பநிலை) பூஜ்யத்துக்கு மேலே நின்று, காற்றும் பலமாக வீசினால், அந்த ராத்திரி ஆள் இருந்தே ஆக வேண்டும்.

அதற்குள் வடிகால் வாய்கள் திறந்திருக்க வேண்டும். பனி தள்ளும் வண்டி ஓரத்தில் குவித்த மேட்டுக்கு அடியில்தான் அவை புதைந்து கிடக்கும் (ஒவ்வொன்றின் பக்கத்திலும் உயரமான குச்சி நட்டு வைக்கக் குளிர்காலத்துக்கு முன்பே யாருக்கும் தோன்றியிருக்காது). தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி மேலே போங்கள். கீழ்க்கடைசியில் குழாய் அடைபட்டிருக்கும்போது மேலுள்ள வாய்களைத் திறந்தால், வடிய வழியில்லாத தண்ணீர் தாழ்ந்த கம்பி மூடி வழியாகப் பொங்கும். கம்பிக்குள் இறுகிய பனிக்கட்டியை இரும்புப் பாரையால் இடித்தால் மூடிதான் உடையும். கால்சியம் குளோரைடைத் துணிப்பையில் கட்டி அதன்மேல் வைத்துவிடலாம். சாதா உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே மந்தம். பனியைக் குவிப்பதும் சரிவின் கீழ்ப்பக்கத்தில்தான். மேட்டில் குவித்தால் பகலில் நடைபாதையெங்கும் ஓடி, இரவில் கண்ணாடியாய் உறையும்.

பேஸ்மென்ட் பம்பை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். மிதவை எழும்ப வேண்டும், மோட்டார் ஓட வேண்டும், வெளியே தண்ணீர் விழ வேண்டும். மூன்றாவதைப் பார்ப்பவர்கள் குறைவு. வெளிக்குழாய் உறைந்திருந்தால் மோட்டார் வீணாக ஓடிக் கருகிவிடும். சுவரைத் தாண்டியதும் குழாயில் ஓர் இடைவெளி விட்டால், முனை உறைந்தாலும் தண்ணீர் அங்கே கொட்டும். சுவரோரம் கொட்டினாலும் மோட்டார் தப்பிக்கும்.

ஆற்றோரக் கட்டடம் என்றால் முன்னறிவிப்பு எண்ணை அப்படியே நம்பி அணை கட்டக் கூடாது. 1997 வசந்தத்தில் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ரெட் ஆறு 49 அடி ஏறும் என்றார்கள். ஏறியது 54 அடிக்கு மேல். மணல் மூட்டையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பினால்தான் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். மணலை வெளியே குவித்து வைத்தால் கல்லாக உறையும். உறைந்த மூட்டை படியாது, இடுக்கு வழியே தண்ணீர் வரும்.

தண்ணீர் உள்ளே வந்துவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று என்று உறுதியாகும்வரை இறங்காதீர்கள். உடனே முழுதும் இறைக்கவும் வேண்டாம். வெளியே ஊறிய மண்ணின் அழுத்தத்தில் சுவர் உள்ளே சாயும். முதல் நாள் ஓர் அடி இறைத்து, மட்டத்தைச் சுவரில் குறியுங்கள். காலையில் தண்ணீர் குறிக்கு மேலே ஏறியிருந்தால் நிலத்தடி நீர் இன்னும் வடியவில்லை. பம்பை நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்க வேண்டியதுதான்.